நான்காவது சுவர்

அறைக்குள் செடி வளர்க்கும் விளக்கு நேர் மேலே தொங்கியது. ஆனால் நாற்றுகள் மூன்றும் மேற்குச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவன் தொட்டிகளைத் திருப்பி வைத்தான். மறுநாள் மறுபடியும் அதே பக்கம் சாய்ந்திருந்தன.

அவன் மனைவி படுக்கையில் கிடந்தபடியே ஒரு பெட்டூனியாப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் இன்னொரு பூவில் தடவி எடுத்த விதையின் நாற்றுகள் அவை. என்ன நிறம் பூக்கும் என்று பார்க்க அவளுக்கு நாள் இல்லை. பதினொன்று முளைத்தன. எட்டு பட்டுப்போயின. வேறு விதை கிடையாது. குழந்தையும் கிடையாது. அவள் கையால் உண்டானதில் உயிரோடு மிஞ்சியவை இந்த மூன்றுதான்.

வெளிச்சம் போதவில்லை, பச்சைச் சுவர் அதைக் குடித்துவிடுகிறது என்று அவன் முடிவு செய்தான்.

விளக்குக் கடைக்காரர் சுவரில் ஒட்டுகிற ஷீட்டில் இரண்டு மாதிரிகளை மேஜைமேல் விரித்தார். ஒன்று மங்கலான வெள்ளை ஷீட். மற்றது முகம் தெரிகிற வெள்ளி ஷீட்.

"கண்ணாடி மாதிரி இருக்கறது வேணாம் தம்பி. ஒரு சுருக்கம் விழுந்தாப் போதும், ஒரே எடத்துல வெளிச்சத்தக் குவிச்சு எலையப் பொசுக்கிடும். வெள்ளைய ஒட்டிட்டு நிம்மதியா இருங்க."

எது அதிக வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்று மட்டும் அவன் கேட்டான். வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்தான்.

ஒட்டுவதற்கு மனைவியின் அண்ணன் வந்தார். பிஸ்கட் பாக்கெட்டுக்குள் குடித்தனம் நடத்தப் போகிற முதல் மாப்பிள்ளை நீங்கள்தான் என்றார். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். மூன்று சுவர்கள் முடிந்தன. நான்காவதான மேற்குச் சுவரில் அவர் கை நின்றது.

"இத விட்ருங்க மாப்ள. அவ கட்டில் இங்கதான கெடந்துச்சு."

"ஒண்ண விட்டா வெளிச்சம் பூரா அதுலயே போயிடும் மச்சான்."

அவர் வெளியே போய் நின்றுகொண்டார். அவனே ஒட்டினான். ஒரு சுருக்கம் இல்லாமல் துணியால் நீவி, ஓரங்களில் இரண்டு சுற்று டேப் போட்டு, காற்றுகூட நுழையாமல் அடைத்தான்.

மறுநாள் மதியம் தனியாக உள்ளே போனான். புது பிளாஸ்டிக்கின் நெடியும் ஈர மண்ணின் வாசனையும் சூட்டில் கலந்து தொண்டையில் படிந்தன. நான்கு பக்கமும் அவனே நின்றிருந்தான், கைகள் கொஞ்சம் நீண்டு, தலை கொஞ்சம் வளைந்து. லைட் மீட்டரை ஒவ்வொரு சுவர் அருகிலும் பிடித்துப் பார்த்தான். மூன்று சுவரிலும் எண் அசையாமல் நின்றது. நான்காவதில் ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஷீட் உப்பி உப்பி அமுங்கிக்கொண்டிருந்தது. காற்றை வெளியே தள்ளும் விசிறி இழுக்கிறது, வேறொன்றுமில்லை என்று நினைத்தான். விசிறியை நிறுத்தினான். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. அறையில் விளக்கின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது.

ஷீட் நிற்கவில்லை.

சின்னதாக மூன்று. பிறகு இடைவெளி. மறுபடி மூன்று.

அவனுக்கு அந்தக் கணக்கு தெரியும். கடைசி வாரம் முழுக்கக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவளுடைய மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே எண்ணியிருக்கிறான். பதினொன்று. பதினான்கு. இருபது. இப்போதும் உதடு தானாக எண்ணியது. இருபத்தைந்து. முப்பது. இதோடு நின்றுவிடட்டும் என்று மனம் வேண்டிக்கொண்டது. அன்றைக்கும் அப்படித்தான் வேண்டிக்கொண்டான்.

ஷீட் உள்ளே இழுத்துக்கொண்டது. வேகமாக.

இழுத்த இடத்தில் ஒரு நெற்றி தெரிந்தது. மூக்கு. அகலமாகத் திறந்த வாய். அந்த வாய்க்குள் ஷீட் குழிந்து போய் ஒட்டியது. காற்று கிடைக்கவில்லை.

அடைத்தது அவன்தான்.

நகத்தால் கீறினான். டேப் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முழு ஷீட்டும் பிய்ந்து சரிந்து தொட்டிகள்மேல் விழுந்தது. தண்டுகள் ஒடியும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

எதிரே வெறும் சுவர். பழைய பச்சை. கட்டில் உரசிய கோடு. வேறு எதுவும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் சடசடத்தது.

திரும்பினான். மீதி மூன்று சுவர்களிலும், தரையிலிருந்து கூரைவரை, இடம் விடாமல், வெள்ளி வாய்கள் திறந்து ஷீட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

எல்லாம் அவள் வாய்.