முப்பது அடிக்குள் இன்னொரு வாட்ச்

மசூது வடகரையில் வந்து இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக வளைகுடாவில், தம்மாமில் கிரேன் ஓட்டுகிறவன். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபின் ஓய்வெடுக்க ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கம்பெனி டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டுகிற இதயத்துடிப்பும் நடையும் பதினான்கு நாள் பிசகில்லாமல் கம்பெனிக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்தால் மறுபடியும் கிரேன். இல்லாவிட்டால் அந்த இருக்கையில் வேறொருவன் ஏறி உட்கார்ந்துவிடுவான்.

இதென்ன பெரிய காரியம் என்றுதான் அவனும் நினைத்தான்.

மறுநாள் காலை வயல் ரோட்டில் மெதுவாக மூவாயிரம் ஸ்டெப் நடந்துவிட்டு வந்தான். சாயங்காலம் போனைத் திறந்தால் பதிமூவாயிரம் என்றது ஆப். இதயத்துடிப்பு இன்னும் மோசம். எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், மறுபடி எழுபத்து நாலு.

"ஏட்டி ஜுஹைனா, இங்க பாரு. நான் இன்னைக்கி நாலஞ்சு வாட்டி செத்துப் பொழச்சிருக்கேனாம்" என்று மனைவியிடம் போனை நீட்டினான்.

"வாயக் கழுவுங்க" என்றாள் அவள்.

போனை அணைத்துப் போட்டான். வாட்ச்சைக் கழற்றித் துடைத்துக் கட்டினான். ஒன்றும் சரியாகவில்லை. போதாக்குறைக்கு, ராத்திரி சார்ஜரில் வைக்கிற வாட்ச் காலையில் ஜன்னல் ஓரத்தில் பாதி சார்ஜோடு கிடந்தது. எடுத்தது யார் என்று கேட்டால் ஜுஹைனா முறைத்தாள். நாலாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அனுப்பிய கணக்கு செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்கவும்.

மறுபடி ஆரம்பித்தான். அதுவும் ஒன்பதாம் நாளில் செல்லாமல் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஆப்பின் ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

இணைந்துள்ள வாட்ச்கள்: 2.

இரண்டாவது வாட்ச்சின் பெயர் துல்கர்னைன்.

தப்பு மசூதுடையதுதான். வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற டிவி, கேமரா, போன் எல்லாவற்றையும் தன்னுடைய ஒரே மெயில் ஐடியில் போட்டுத்தான் அனுப்புவான். அவன் கூட்டாளிகளும் அப்படித்தான். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று ஊரிலிருந்து யாரும் போன் போடக்கூடாது பாருங்கள். போன வருஷம் தம்பி துல்கர்னைனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் ஒரு வாட்ச் வாங்கி, அதையும் அதே ஐடியில் போட்டு அனுப்பினான். தம்பி நடக்கிறானா என்று தம்மாமில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா. நாளுக்குப் பத்தாயிரம் என்று இலக்கும் வைத்துவிட்டான்.

தம்பி லேசுப்பட்டவன் இல்லை. வாட்ச்சை ஆட்டின் கழுத்தில் கட்டிக் காட்டில் மேய விட்டுவிட்டு இவன் படுத்துத் தூங்கினான். ஒருநாள் முப்பதாயிரம் ஸ்டெப் வந்ததில் குட்டு உடைந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நாலு நாற்பதுக்கு மசூது போனில் சத்தம் போட்டான். "ஏலே, அஞ்சாயிரந்தான் ஆயிருக்கு. மிச்சத்த யாரு நடப்பா? ஆடா?"

"இந்தா நடக்கேண்ணே. பத்தாயிரம் ஆகாம வீட்டுக்கு வரமாட்டேன், போதுமா?" என்றான் தம்பி.

சொன்ன வாக்குக்குக் குற்றாலம் வரை போய்விட்டான். அருவியில் திடீர் வெள்ளம். மறுநாள் ஆற்றோரத்தில் அவன் மையத்துதான் கிடைத்தது, உயிர் போயிருந்தது. போனும் கிடைக்கவில்லை, வாட்ச்சும் கிடைக்கவில்லை. லீவு கிடைக்காமல் மசூதால் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. அந்தக் கடைசிப் போனைப் பற்றி இன்றுவரை அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

வாட்ச் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தான். அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"அந்த வாட்ச்ச போனுக்குப் பக்கத்துல வச்சாதான் சார் நீக்க முடியும்."

"அது ஆத்தோட போச்சும்மா."

"ஓகே சார். எடுத்துட்டு வந்து திரும்பக் கூப்பிடுங்க."

மசூதுக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு ஐடி போடலாம் என்றால், தம்மாம் கம்பெனியில் அதை மாற்ற நாற்பத்தைந்து நாள் ஆகுமாம். லீவு முடியப் பதினாறு நாள்தான் இருந்தது.

தென்காசிக்குப் பஸ் ஏறி, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இசக்கிமணியிடம் கொடுத்தான். அவன் கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, இதுல கோளாறு ஒண்ணுமில்ல. ரெண்டாவது வாட்ச்சு டெய்லி சாயங்காலம் நாலு நாப்பதுக்கு ஒங்க போன்ல கணக்கு ஏத்துது."

"எங்கன இருந்துல ஏத்துது?"

"எங்கன இருந்தும் ஏத்தாது. முப்பது அடிக்குள்ள வரணும். வந்தாத்தான் ஏறும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு சார்ஜு ஏழு நாள்தான் நிக்கும். யாரோ சார்ஜ் போடுதாவ அண்ணாச்சி."

பஸ்ஸில் திரும்பும்போது மசூது மூன்று தடவை போனை எடுத்து அந்தப் பெயரைப் பார்த்தான்.

வீட்டில் ஜுஹைனா இல்லை, அச்சன்புதூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். மணி நாலரை. சாரல் பிடித்துப் பகலே இருட்டிக் கிடந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பின்வாசல் கதவைத் திறந்து வைத்து, போனை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

தம்பி வளர்த்த ஆடு முற்றத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தது.

சட்டென்று அசை போடுவதை நிறுத்தியது.

எழுந்து நின்று பின்வாசலைப் பார்த்து வாலை ஆட்டியது. தீவனம் வைக்க ஆள் வந்தால் ஆட்டுகிற மாதிரி.

பாசியும் சேறும் கலந்த ஆற்றுவாடை உள்ளே வந்தது.

போன் அதிர்ந்தது. துல்கர்னைன்: 9,981.

எண் ஏறியது.

9,986.

9,990.

ஒவ்வொரு எண்ணுக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக்கால் வைக்கிற சத்தம் ஒன்று கேட்டது.

9,997.

9,998.

சத்தம் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டது.

10,000.

நின்றது. இதயத்துடிப்பு: 0. அதன்கீழே ஒரு வரி வந்தது. 'வாட்ச் அருகில் உள்ளது. நீக்கவா?'

இரண்டு வாரமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் அலைந்தான். விரல் 'ஆம்' வரை போய்விட்டது. தினம் பத்தாயிரம், ஒன்றுகூடக் குறையாமல், ஆறு மாதமாக. மண்டைக்குள் தன் குரலே கேட்டது. மிச்சத்த யாரு நடப்பா?

'வேண்டாம்' என்று அழுத்தினான். இலக்கு என்ற இடத்துக்குப் போய்ப் பத்தாயிரத்தை அழித்தான்.

"போதும்லே" என்றான் மெதுவாக. "நடந்தது போதும். நான் சொன்னது தப்புதாம்ல. உக்காரு."

பின்னாலிருந்த கட்டில் கிறீச்சிட்டது. மசூது திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து இரண்டாவது வாட்ச் ஒரு ஸ்டெப்கூட நடக்கவில்லை. பூஜ்ஜியங்களும் வரவில்லை. பதினான்கு நாளும் முடிந்தது, கணக்கு போனது, டிக்கெட்டும் வந்தது. கூடவே டாக்டரிடமிருந்து ஒரு குறிப்பு. 'இதயம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் உறங்குகிறீர்களே, ஏன்?'

ஆப்பைத் திறந்து பார்த்தான். அவனுடைய உறக்கம் ஏழு மணி நேரம். துல்கர்னைன், எட்டு.

புறப்படுகிற அன்று காலையில் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினான். சார்ஜரை மட்டும் சுவரில் செருகியபடியே விட்டுவிட்டான். அங்கே போய் வேறு வாங்கிக்கொள்ளலாம். தம்பிக்கு இங்கே வேண்டும்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கும்போது ஜுஹைனா கூப்பிட்டாள்.

"சார்ஜர வச்சுட்டுப் போறேன், யாரும் தொடாதீயன்னு சொன்னியளே. அத இங்கன காணோமே?"

"நல்லா பாரு. சுவத்துலதான் சொருகியிருக்கேன்."

"சுவத்துல ஒண்ணுமில்லங்க. கட்டில் விரிப்புதான் நனஞ்சு கெடக்கு."

மசூது போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தோள்பையைக் கீழே இறக்கி ஜிப்பைத் திறந்தான். பாஸ்போர்ட்டுக்கு மேலே சார்ஜர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தொட்டான். ஈரமாக இருந்தது, விரலில் ஆற்றுமணல் ஒட்டியது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையிலிருந்த வாட்ச்சில் மணி நாலு நாற்பது.