ஐயாயிரம் அடியில் நங்கூரம்

வெள்ளக்கடை வளைவில் நேற்றுச் சாயங்காலம் ஒரு கப்பல் நின்றது, மூன்று பாய்மரக் கப்பல், அதன் அடிவயிறு உரசியதில் நாலு சில்வர் ஓக் மரங்கள் மொட்டையாகிவிட்டன, மாலுமி ஒருத்தன் இறங்கிவந்து பீடிக்கு நெருப்புக் கேட்டான் என்று எஸ்டேட் ரைட்டர் ஏசுராஜ், அற்புதத்தின் டீக்கடையில் கர்த்தர்மேல் ஆணையிட்டுச் சொன்னான். சேலத்திலிருந்து கடல் இருநூறு கிலோமீட்டர். ஏற்காடு அதற்கும் மேலே ஐயாயிரம் அடி. கடை சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஜாடிக்குள் இருந்த பன்னெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்தன.

சிரிக்காதவர் ஒருவர்தான். அதே எஸ்டேட்டின் ஹெட்கிளார்க் கோவிந்தராஜ். தீப்பெட்டி வாங்கினால் குச்சிகளை எண்ணிப் பார்க்கிறவர். சூரியன் உதித்தால்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘இன்றைக்கு இரண்டு நிமிஷம் தாமதம்’ என்று கிழக்கை முறைக்கிறவர். ஏசுராஜ் பேச்சில் பாதியை அவர் எப்போதும் நம்புவதில்லை. மீதிப் பாதியை அறவே நம்புவதில்லை.

ஆனால் அன்று அவர் சிரிக்காததற்குக் காரணம் வேறு. காலையில் ஆட்களின் பேர் கூப்பிட ஆள்பேர் நோட்டைத் திறந்து, வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்பினார். மறுபடி விரலை நாக்கில் வைத்தபோது உப்புக் கரித்தது. மிக்சர் தின்ற கையோடு ஏசுராஜ் நோட்டைப் புரட்டியிருக்கிறான் என்று உடனே முடிவுகட்டினார். கட்டிய பிறகுதான் நோட்டின் கீழ்விளிம்பு ஈரமாக ஊறியிருந்ததைக் கண்டார். அந்தப் பக்கத்தில் இருந்த பேர்களில் அத்தாயியும் சின்னனும் குரல் கொடுக்கவில்லை. குப்பனூரில் காதுகுத்து, போயிருப்பார்கள் என்றார்கள். இருக்கலாம். சொல்லாமல் போகிறவர்கள் இல்லை அவர்கள்.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம் எஸ்டேட் முதலாளி மெட்ராசிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஆபீசில் இறக்கினார். அதற்குள் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு விளையாட்டு இருந்தது. திரை முழுக்க நீலக் கடல், தீவுகள், துறைமுகங்கள். ஓர் ஊரில் மிளகு ஏற்றி, இன்னோர் ஊரில் இறக்கிப் பட்டு வாங்கி, பேர் தெரியாத கரைகளைத் தேடிப் போக வேண்டும். அவசரமே கிடையாது. உங்கள் கப்பலை நகர்த்திவிட்டுக் கீபோர்டின் பெரிய பட்டனைத் தட்டினால்தான் அடுத்தவர் முறை வரும். தட்டாதவரை அந்தக் கடலில் ஓர் அலைகூட அசையாது. சாப்பாட்டுக்குப் பிறகு கோவிந்தராஜ், நாலு மணிக்கு ஏசுராஜ் என்று ஆளுக்கொரு முறையாக ஆறு மாதம் ஆடியாகிவிட்டது.

கப்பலில் ஏறும் ஆட்களின் பேரைக் கேட்டது விளையாட்டு. கிளார்க்குகளுக்குப் பேர் கற்பனை செய்யவா தெரியும்? ஆள்பேர் நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டார்கள். ஏசுராஜ் கண்ணில் முதலில் பட்ட அத்தாயியையும் சின்னனையும் ஏற்றினான். கோவிந்தராஜ் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் பார்த்தார். நம்பிக் கப்பலை விடக்கூடிய ஆள் அதில் ஒரே ஒருத்தி. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் கலாவதி, அவர் மனைவி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக, ஒருக்காவாவது கடலைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். காட்டியாயிற்று என்று அன்று பட்டனைத் தட்டியபோது தனக்குள் சிரித்துக்கொண்டார்.

போன வாரம் திரையின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கப்பல் முளைத்தது. கறுப்பு. பேர் இல்லை, கொடி இல்லை. எந்தத் துறைமுகத்திலும் அது சரக்கு ஏற்றவில்லை. இவர்கள் இருவரும் தட்டி முடித்தபின் தன் முறைக்கு ஒரு கட்டம் நகரும், நிற்கும். நேற்று நாலு மணிக்கு ஏசுராஜின் கப்பலை ஒட்டி நின்றது. அவன் தட்டினான். அத்தாயி, சின்னன் என்ற இரண்டு பேர்களும் கறுப்புக் கப்பலுக்குத் தாண்டின. ஆளில்லாத அவன் கப்பல் திரையிலிருந்து அழிந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற வழியில்தான், அவன் சொல்படி, வெள்ளக்கடை வளைவில் நிஜக் கப்பல்.

தோற்றுப்போனவன் கட்டும் கதை. கறுப்புக் கப்பலை ஆட்டுகிறவனும் அவனேதான். கோவிந்தராஜுக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுவதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஆகவே அன்று மத்தியானம் பொறி வைத்தார். தன் கப்பலை எட்டிய மட்டும் விலக்கி, தட்டி, அடுத்த முறை தொடங்குவதற்குள் மெஷினை அணைத்தார். நெற்றிக்கு வைத்திருந்த திருநீற்றைச் சம்புடத்தோடு கவிழ்த்துப் பட்டன்கள்மேல் சலித்துவிட்டார். ஜன்னலுக்குக் கொக்கி. கதவுக்குப் பூட்டு. சாவி அரைஞாணில்.

மறுநாள் பூட்டு போட்டபடியே இருந்தது. திருநீற்றில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பெரிய பட்டன் மட்டும் உள்ளே அமுங்கிக் கிடந்தது, மேலே படிந்த திருநீறு கலையாமல், அடியிலிருந்து யாரோ விரலால் பிடித்து இழுத்து வைத்திருப்பதுபோல. ஆபீஸ் முழுக்க மீன் செதிலும் தாரும் கலந்த வாடை. மெஷினைப் போட்டார். கறுப்புக் கப்பல் அவர் கப்பலை ஒட்டி நின்றது.

இரண்டரை மணிக்கு ஏசுராஜ் வந்தான். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினான்.

“ஏனுங்கண்ணா, இன்னிக்குத் தட்டாதீங்க. நீங்க தட்டுனாத்தான் அதுக்கு மொற வரும்.”

“ஏம்ப்பா, உன்ற கப்பல் போச்சுன்னு என்னையும் ஆடவேண்டாங்கறயா?”

“பீடிக்கு நெருப்புக் கேட்டான்னது பொய்ங்கண்ணா. நாலு மரமும் பொய்ங்க. கப்பல் பொய் இல்லீங்க.” அவன் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். “உங்க ஊட்டுக்காரம்மா பேரு அதுல இருக்குது.”

நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் கோவிந்தராஜ். அவன் படியிறங்கிப் போனான். வெளியே கார்த்திகை மாதத்து மூடுபனி, வெட்டிப் பொட்டலம் கட்டிச் சேலத்துக் கடைவீதியில் விற்கலாம் என்னும் அளவுக்குக் கெட்டியாக, காப்பிச் செடிகளையும் மிளகுக் கொடி ஏறிய மரங்களையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஜன்னல்வரை ஏறி வந்திருந்தது. அதற்குள் எங்கேயோ பழைய மரம் ஒன்று நெட்டுயிர்ப்பதுபோல நீளமாக முனகி, நின்று, மறுபடி முனகியது. காற்றில் ஆடும் கிளை. காற்று இல்லை. சரி, லாரி. லாரிச் சத்தம் இப்படி மேலும் கீழுமாக அசையாது.

மணி மூன்று. ஜல்லிப் பாதையில் செருப்புச் சத்தம். சரக், சரக். தினமும் இந்த நேரத்துக்குக் காப்பி பிளாஸ்க்கோடு கலாவதி வருவாள். இதோ வருகிறாள். முழுசாக, உயிரோடு, தன் காலால் நடந்து வருகிறாள். அவள் வாசலில் வந்து நிற்கும்போது தட்டி முடித்திருக்க வேண்டும். ஏசுராஜ் முகத்தில் கரி பூச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

தட்டினார்.

சரக், சரக்.

திரையில் கலாவதியின் பேர் எழுத்தெழுத்தாகத் தாண்டியது.

சரக். சளக்.

சளக். சளக்.

செருப்பு தண்ணீரில் அளையும் சத்தம். பிறகு முழங்கால் அளையும் சத்தம்.

“ஏனுங்க,” என்றாள் பனிக்குள்ளிருந்து, பயமில்லாமல், வியப்பாக. “இங்க ஏனுங்க இவ்ளோ தண்ணி?”

ஜன்னல் கொக்கியை எடுத்தார். கீழே காப்பிச் செடிகள் இல்லை. தண்ணீர். ஜன்னல் விளிம்பு வரை. கறுப்பாக. எதிரே ஒரு சுவர், எஸ்டேட் குடோனைவிட உயரமாக, கிளிஞ்சல் ஒட்டி, நனைந்து, மூச்சுவிடும் சுவர். மேலே யாரோ பேர் கூப்பிடத் தொடங்கினார்கள். தினமும் காலையில் அவர் கூப்பிடுகிற அதே இழுவை. அவருடைய குரல்.

அத்தாயி.

“இருக்கறனுங்க.”

சின்னன்.

“இருக்கறனுங்க.”

கலாவதி.

ஒரு வினாடி. அவள் குரல்தான். “இருக்கறனுங்க.”

பிறகு ஜன்னலில் தெரிந்ததெல்லாம் நின்றது. திரையில் வெள்ளை எழுத்தில், இனி உங்கள் முறை என்று வந்திருந்தது.

அன்றும் மறுநாளும் கோவிந்தராஜ் நாற்காலியைவிட்டு எழவில்லை. பெரிய பட்டனைக் கிண்ணம்போலக் கையால் மூடிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு துளி பனி விழ ஆரம்பித்து, விழாமல் பாதியில் நின்றது. கப்பலின் விளிம்பில் கலாவதி நின்றாள். ஒரு கையில் பிளாஸ்க். ஒரு கை அவரைப் பார்த்துப் பாதி தூக்கியபடி. கண் இமைக்கவில்லை. புடவை முந்தானை காற்றில் எழும்பி அப்படியே உறைந்திருந்தது. அவர் தட்டாதவரை அவள் அங்கே நிற்பாள். தட்டினால் அடுத்த முறை அந்தக் கப்பலுடையது.

மறுநாள் மூன்று மணிக்கு மின்சாரம் போனது. மெஷினுக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டி, பதினைந்து நிமிஷம் தாங்கும் பெட்டி, கீ என்றது. சிறிது விட்டு மறுபடி கீ என்றது. மெஷின் அணைந்து கிடந்த முந்தாநாள் ராத்திரிதான் கறுப்புக் கப்பல் ஒட்டி வந்திருந்தது.

டீக்கடை அற்புதம் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். பின்னால் ஏசுராஜ். ஊரே பேசுது, கலாவதியக்காவை நேத்திலிருந்து காணோங்கறாங்க, நெசமாலுமே கப்பல் வந்துச்சுங்களா என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவள் ஜன்னலைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள். தரையெல்லாம் தண்ணீர்.

கீ.

கோவிந்தராஜ் கையை எடுக்காமல், கண்ணை அந்தப் பாதி தூக்கிய கையிலிருந்து எடுக்காமல் பேசினார்.

“வந்துச்சு. ஏசுராஜ் கொறச்சுத்தான் சொல்லியிருக்கறான். மூணு பாய்மரம்னான். நான் எண்ணிட்டேன். ஏழு.”