பிள்ளைத் தலையணை

முதலில் விரல்கள்தான் முனியம்மாளை ஏமாற்றின. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு நீரில் குனிந்து, பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள் அவள். சேற்றுக்குள் விரல் நுனிதான் அவளுக்குக் கண். எண்பத்து நாலாம் வருஷ ஐப்பசியில் அந்த நுனிகள் உருண்டு தடித்து, நகம் கவிழ்ந்து, இறால் எது சருகு எது என்று தெரியாமல் போயிற்று. பிறகு இடது தோளில் ஓயாத வலி. குரல் கம்மியது. நிமிரும்போது மூச்சு பாதியில் நின்றது. இத்தனைக்கும் இருமல்கூடப் பெரிதாக இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகில் ஊசி இறக்கி, நெஞ்சிலிருந்து ஒரு பாட்டில் நீர் எடுத்தார். அவள் விரல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தாரும்மா?"

சிமெண்ட் ஷீட் கம்பெனியில் இருபது வருஷம் மூட்டை தூக்கினார், போன வருஷம் செத்துப்போனார் என்றாள். அந்த மூட்டையில் இருந்தது கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்றார் டாக்டர். அதன் தூசி நெஞ்சுக்குள் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடந்து ஒருநாள் புற்றாகும். உள்ளே போனதை எடுக்க வழியில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் தன் சாவை நினைக்கவில்லை. புருஷன் கோதண்டம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்குகளை நினைத்தாள். தையல் மூலையில் சிக்கியிருக்கும் வெள்ளை இழை, இலவம்பஞ்சைவிட மெத்தென்றிருக்கும். எறும்பு அண்டாது, மக்காது. பிள்ளைக்குத் தலை உருண்டையாக வரட்டும் என்று அதை உதறி, ஆய்ந்து, தலையணை தைத்தாள். ஊரில் யார் வீட்டிலும் இல்லாத பஞ்சு என்று பெருமை வேறு. மகள் காந்தா அதில் படுத்துத்தான் வளர்ந்தாள். பிரசவத்துக்கு வந்திருக்கும் காந்தாவின் பிள்ளைக்கும் அதைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவள் அவளேதான். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினாள். முடியவில்லை. நடந்தாள். நின்றாள். கருவாட்டு நெடி. உச்சி வெயில். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

தட். தட்.

காந்தா தலையணையைத் தட்டித் தட்டி மெத்தென்று ஆக்கி, பிள்ளையின் தலைக்கடியில் நுழைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

"மெள்ள வாம்மா, இப்பத்தான் கண்ண மூடிச்சு. டாக்டரு இன்னா சொன்னாரு?"

முனியம்மாள் வாயைத் திறந்தாள். மூச்சுதான் இரைத்தது.

கூரை ஓட்டை வழியே இறங்கிய வெயிலில் வெள்ளை இழைகள் அவசரமே இல்லாமல் மிதந்தன. ஒன்று பிள்ளையின் மூக்கருகே வந்தது. உள்ளே போயிற்று.

வெளியே வரவில்லை.