மண் மாற்றும் நாள்

வெளிப்படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, மொட்டைமாடிக் கதவுக்கு அடியிலிருந்து கசிந்து, செம்மண் கரைந்த நிறத்தில், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று யோசித்து, கடைசியில் செபஸ்தியானின் கால் பெருவிரலைத் தொட்டது. அந்த வெயிலுக்குச் சுட்டிருக்க வேண்டும். சில்லென்று இருந்தது. மாடியில் யாரும் தண்ணீர் ஊற்றி ஒரு வருஷம் ஆகிறது.

ஊற்றியவள் அமலராணி, அவன் மனைவி. பெயிண்ட் வாளி, பிளாஸ்டிக் டிரம், விரிசல் விட்ட சிமெண்டுத் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் நாற்பது ரோஜா வளர்த்தாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செடியைக் கவிழ்த்தெடுத்து, சுற்றிப் பின்னிய வேரைச் சீவி, வெட்டுப்பட்ட இடத்தில் மஞ்சள் குழைத்துத் தடவி, புது மண் போட்டு அதே தொட்டியில் திரும்ப வைப்பாள். போன மே மாதமும் அந்த வேலைக்குத்தான் மாடியேறினாள்.

அதற்கு முந்தின நாள், தன் பெயரில் இருந்த வீட்டை விற்கக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லியிருந்தாள். அவள் மாடியேறியதும் அவன் மாடிக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளைப் போட்டான். கொஞ்சம் காய்ந்தால் புத்தி வரும் என்றுதான் முதலில் நினைத்தானாம். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த மகராசன் கீழே உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான், டிவியைச் சத்தமாக வைத்தான். நாலு மணிக்குத் தட்டுவது நின்றது. தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத்தான் ஊரைக் கூட்டினான். வெயிலில் மயங்கிவிட்டாள் என்று எல்லோரும் அழுதார்கள். அவனும் நன்றாகவே அழுதான்.

நாளை வீடு பார்க்க ஆள் வருகிறது. செத்த செடிகளைத் தூக்கிப் போட்டால் தீர்ந்தது. பாதிப் படி ஏறும்போது பக்கத்து வீட்டு ஃபர்ஹீன் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"மண்ணு மாத்துறீகளாண்ணே? காலையில இருந்து கொத்துற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கே."

அவன் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறினான்.

கதவைத் தள்ளியதும் புது மண்ணும் மக்கிய சாணமும் ரோஜாவும் கலந்த வாசனை முகத்தில் வந்து அப்பியது. தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடக்க, இங்கே நாற்பது தொட்டியும் ஈரம் சொட்ட, ஒரு காய்ந்த இலைகூட இல்லாமல், கொத்துக் கொத்தாகப் பூத்து அவனைப் பார்த்து நின்றன. எல்லாவற்றிலும் மண் மாற்றியிருந்தது. மூலையில் சீவிய வேர்கள் குவிந்திருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள், இன்னும் காயாமல்.

நடுவில் ஒரு பெரிய நீல டிரம். அதில் மட்டும் செடி இல்லை. அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, பாதிக்கு மண் போட்டிருந்தது. அதன்மேல் ஒரு நிழல் குந்தி உட்கார்ந்திருந்தது. நிழலுக்குரிய ஆள் இல்லை.

சக்.

கத்தரிச் சத்தம். பின்னாலிருந்து.

ஓட வேண்டும் என்று நினைத்தான். கதவு திறந்துதான் கிடந்தது. பத்தடி தூரம். கால் வரவில்லை.

குனிந்து பார்த்தான். டிரம்முக்குள் நின்றுகொண்டிருந்தான். எப்போது இறங்கினான்? தெரியவில்லை. முழங்கால்வரை மண். ஈர மண். யாரோ உள்ளங்கையால் சுற்றிலும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மண்ணுக்குள் கால்விரல்களை மடக்கிப் பார்த்தான். மடக்க விரல்கள் இல்லை. மஞ்சள் எரிச்சல் மட்டும் இருந்தது.

கத்த வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. காதோரம் அமலராணியின் குரல், கோபமே இல்லாமல், செடியோடு பேசுகிற அதே குரலில் வந்தது.

"செத்த நேரம் அசையாம நில்லுங்க. இப்படிச் செஞ்சாத்தான் இதே தொட்டியில ரொம்ப வருஷம் இருப்பீக."

சேறு படிந்த கையொன்று அவன் வலக்கையைத் தூக்கிப் பிடித்தது. விரல்களைக் கணுக் கணுவாகத் தொட்டுப் பார்த்தது. சுண்டுவிரலில் நின்றது.

சக்.

ரத்தம் வரவில்லை. வெட்டிய இடத்திலிருந்து, செக்கச் சிவந்த தளிர் ஒன்று மெல்ல வெளியே வந்தது.