கன்னம் சிவக்காத பிள்ளைகள்

மத்தியானம் தூங்கி எழுந்த பயலின் இரண்டு கன்னங்களும் யாரோ பளாரென்று அறைந்த மாதிரி சிவந்திருந்தன. குழந்தைகள் காப்பகத்தில் அன்றைக்கு, அதை நடத்தும் அவளைத் தவிரப் பெரியவர்கள் யாரும் கிடையாது. அவள் அடிக்கவில்லை. அவனும் அழவில்லை; கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் பொம்மை வண்டியைத் தேடினான்.

"என் புள்ளைய யாருங்க அடிச்சது?" சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, சத்தியமா நான் தொடவே இல்லீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

மறுநாள் அந்த அம்மாவே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். ஏதோ வைரஸாம். பிள்ளைகளுக்குச் சகஜமாக வருவதாம், தானாகவே போய்விடுமாம். போனை வைத்த காப்பகக்காரிக்கு நிம்மதி வரவில்லை. ஆறு வருஷம் ஏங்கி ஏங்கி வயிற்றில் தங்கியது இது. நாலாவது மாதம். எந்தக் கருமமும் ஒட்டிவிடக் கூடாது என்று பயந்து செத்தாள்.

அதனால் அவளாகவே ஒரு சட்டம் போட்டாள். தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள். கன்னம் சிவந்திருந்தால், அம்மாக்கள் எவ்வளவு முறைத்தாலும், வீட்டுக்கு. சிவக்காத பிள்ளைகள் உள்ளே. அவை மடியில் ஏறின, கழுத்தைக் கட்டிக்கொண்டன, அவள் தம்ளரிலேயே வாய் வைத்துக் குடித்தன. சிவக்கவில்லையே, என்ன பயம்?

திரைச்சீலையை இழுத்துவிட்ட மத்தியான அறையில் பால் வாடையும் ஈர மெத்தை வாடையும் கலந்து நிற்க, மின்விசிறி கடகடவென்று சுற்ற, வரிசையில் எங்கிருந்தோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று. வெறும் சளி. வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் மூன்று வயதுக்காரி அவள் மடியிலேயே தூங்குவாள், மூச்சு வெதுவெதுவென்று அவள் முகத்தில் படும். வாயாடியின் மூக்கைத் துடைத்த துணியாலேயே தன் வியர்வையையும் துடைத்துக்கொள்வாள்.

மூன்றாவது வாரம் விரல் முட்டிகள் வலித்தன. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். வலியைச் சொன்னாள். தன் சட்டத்தைப் பெருமையாகச் சொன்னாள். நாத்தனார் இடைமறித்தாள்.



"அண்ணி... கன்னம் சிவந்துட்டா அது ஒட்டுற காலம் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெறும் சளி மாதிரிதான் இருக்கும். அப்பதான் ஒட்டும்."

அறையில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது.

"எனக்கு ஒட்டினா என்ன? மூட்டு வலி, அவ்வளவுதானே?"

"உங்களுக்கு அவ்வளவுதான். அது ரொம்பப் பொடி வைரஸ் அண்ணி, தானாப் பெருக வக்கில்லாதது. புது ரத்தம் ஊறுற எடமாப் பார்த்து உள்ள போய் உக்காந்துக்கும். ரத்தம் ஊறவே விடாது. வயித்துல இருக்குற புள்ளைக்கு எந்நேரமும் ரத்தம் ஊறியாகணும்..." பிறகு அவசரமாகச் சேர்த்தாள். "எல்லாருக்கும் அப்படி ஆகாது. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. வாராவாரம் ஸ்கேன் மட்டும் எடுத்துடுங்க."

முதல் வார ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. பிள்ளை உதைக்கக்கூடச் செய்தது. காப்பகத்துக்குப் போகாமல் அவள் வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் குழாயில், கணவனின் மூச்சில், அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் வயிறு திடீரென்று பெருத்தது. ஒரே வாரத்தில் இவ்வளவா? பிள்ளை அசையட்டும் என்று இனிப்புத் தின்றாள். ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றைத் தட்டினாள். அசைவில்லை. மறுபடி தட்டினாள். இல்லை.

"சும்மா பயப்படாதே, தூங்குதா இருக்கும்" என்றான் கணவன்.

ஸ்கேன் அறை. வயிற்றில் சில்லென்று பசை. டாக்டர் சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

அவள் பார்த்துவிட்டாள்.

பிள்ளையின் வயிற்றுக்குள் தண்ணீர். தோலுக்கடியில் தண்ணீர். எல்லாம் கறுப்பாக. அந்தக் கறுப்புக்கு நடுவில், இல்லாத ரத்தத்தைத் தேடித் தேடி, நெஞ்சுக்கூட்டையே அடைக்கிற அளவுக்கு வீங்கிப்போன இதயம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.