ஆற்று மணலில் போட்ட கூடாரம்

“இங்கிட்டுதான்டா சொக்கா! இம்புட்டு மெத்து மெத்துனு வேற எடம் கிடைக்குமா?”

மங்கை காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கீழே காய்ந்து கிடந்த ஆற்று மணலில் குதித்தாள். சுதந்திர தின விடுமுறையோடு சனியும் ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் அக்காவும் தம்பியும் மதுரையிலிருந்து லடாக் வந்திருந்தார்கள். லீவு போட்டு நாலு நாள் முன்பே வந்து உடம்பை மலை உயரத்துக்குப் பழக்கியாயிற்று. இப்போது சுற்றிலும் மொட்டை மலை, மணல், காற்று. வேறு ஈ காக்கை இல்லை.

சொக்கநாதனுக்கு ஆஸ்துமா. அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். “நான் பாத்துக்கிறேம்மா” என்று சத்தியம் செய்துதான் மங்கை அவனை அழைத்து வந்தாள்.

ஆற்றுக்குள்ளேயே கூடாரம் போட்டார்கள். வைகை மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஆற்றைக் கண்டு என்ன பயம்! வெயில் சுள்ளென்று அடித்தது. சொக்கன் ஜெர்கினைக் கழற்றிக் கூடாரத்துக்குள் எறிந்துவிட்டு, எதிர்க்கரை மேட்டுக்குப் படமெடுக்கப் போனான்.

மாலை ஐந்து மணி. மலைப்பக்கம் ஏதோ இரைந்தது. வானத்தில் பொட்டு மேகமில்லை, ஆனால் தண்ணீர் வந்தது! பகலெல்லாம் வெயிலில் உருகிய பனி அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தது. மங்கை கூடாரத்தை வாரிச் சுருட்டிக் கரையேறுவதற்குள் ஆறு இடுப்பளவு ஓடியது.

“அக்கா...” எதிர்க்கரையில் சொக்கன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய இன்ஹேலர் இவள் கையிலிருந்த ஜெர்கினில் இருந்தது.

“தண்ணில எறங்காத! எறங்குன, கொன்னுருவேன்! ஆறு குறுகுற அந்த எடத்துக்கு மெதுவா வா!”

கூடாரக் கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்தாள். இன்ஹேலரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு கல்லோடு சாக்ஸில் போட்டுக் கயிற்று நுனியில் கட்டினாள். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இழுத்தாள். இரண்டாவதைக் காற்று தள்ளிவிட்டது. எதிரே சொக்கன் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“மீனாட்சி! கைவிட்டுறாதடி!”

மூன்றாவது அவன் காலடியில் விழுந்தது. மருந்தை உறிஞ்சினான், மறுபடியும் உறிஞ்சினான். சிறிது நேரத்தில் கையைத் தூக்கி ஆட்டினான். மங்கை வாய்விட்டு அழுதுகொண்டே அதே கயிற்றில் ஜெர்கினைக் கட்டி அனுப்பினாள்.

அந்தக் கரையில் ஆடு ஓட்டி வந்த ஒரு பெண், விடிந்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று சைகை காட்டிவிட்டு, அவனைத் தன் கூடாரத்துக்கு அழைத்துப் போனாள்.

காலையில் கணுக்கால் தண்ணீரில் சொக்கன் நடந்து வந்தான். “இம்புட்டுத் தண்ணிக்கா மீனாட்சியவே கூப்புட்ட?”

மங்கை அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை சிக்னல் கிடைத்த ஊரில் கூடாரம் போட்டதும் அம்மா போனில் வந்தாள். “படுக்க எடம் நல்லா இருக்காடி?”

“ஒரே கல்லும்மா, முதுகு போயிரும். ஆனா மேடு. அது போதும்.”