படையலில் இரண்டு ஜொய்ஸ்டிக்

பெட்டிக்குள் இருந்த மூன்று ஜொய்ஸ்டிக்குகளில் ஒன்று மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

கொட்டகலைப் பக்கத்து மலைகளில் கார்த்திகை மழை பிடித்துவிட்டால், ஊற்றிய தேத்தண்ணி வாய்க்குப் போகுமுன்பே ஆறிவிடும். அந்தக் குளிரில், பதின்மூன்று நாளாக அலுமாரிக்கு மேலே ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த பிளாஸ்டிக் சாமான், யாரோ இப்போதுதான் கையிலிருந்து கீழே வைத்த மாதிரிச் சுட்டால் மனுசன் என்ன நினைப்பான்? அதற்குள் பெட்டரி கிடையாது. வயரும் எதிலும் மாட்டியிருக்கவில்லை. போன் திருத்திப் பிழைக்கிற மதுரனுக்கு இதெல்லாம் தெரியாத விசயமா? தெரிந்ததால்தான் அதைச் சட்டென்று பாயில் வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அவனை வரச்சொன்னவள் தனுஜா, திலக்ஷனின் மனைவி. திலக்ஷன் ஆட்டோ ஓட்டினவன். மழையில் ஒரு வளைவில் சறுக்கி, ஆட்டோவோடு பள்ளத்துக்குள் போய்விட்டான். அவனும் மதுரனும் ஒரே தோட்ட லயத்தில் அடுத்தடுத்த காம்பரா வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். முப்பத்தாறு வயதாகியும் இரண்டு பேருக்கும் ஒரு பைத்தியம் மட்டும் விடவில்லை, பழைய டீவி கேம். ஞாயிற்றுக்கிழமை அந்தியானால் திலக்ஷனின் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, முதுகு புடைத்த அந்தப் பழைய டீவியில் துப்பாக்கி தூக்கிய இரண்டு பொம்மை வீரர்களை ஆளுக்கொருவராக ஓட்டுவார்கள். திலக்ஷன் எப்போதும் முதல் ஆள், மதுரன் இரண்டாவது. அது சின்ன வயதிலேயே அடித்துப் பிடித்துச் சண்டை போட்டு முடிவான விசயம்.

வருகிற வெள்ளிக்கிழமை கருமாதி, அந்தியில் படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வாழையிலையில் வைத்துக் கும்பிட வேண்டும். சாராயம், கோழிக்கறி, தேங்காய் ரொட்டி என்று எல்லாவற்றையும் தனுஜா யோசித்து வைத்திருந்தாள். இந்த மூன்றில் எது அவனுக்குப் பிடித்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லையாம். பிழையானதை வைத்தால் மனசு ஆறாமல் திரும்பத் திரும்ப வருவான் என்று பயந்தாள்.

"நீங்கதானே அண்ணே கூடவே இருந்தவங்க. நீங்க எடுத்துக் குடுத்தா சரியா இருக்கும்," என்றாள்.

அந்த 'அண்ணே'க்காக மதுரன் எதையும் செய்வான். ஆஸ்பத்திரியில் உடம்பைப் பொறுப்பெடுத்தது, குழி வெட்ட ஆள் பிடித்தது, கூடாரம் அடித்தது எல்லாம் அவன்தான். கூடப்பிறப்பு என்று ஒருத்தரும் இல்லாதவன். அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், தனக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றும்.

அதனால் சூட்டை மறந்துவிட்டு ஆர்வமாக விளக்க ஆரம்பித்தான். நீளக் கைப்பிடி வைத்த கறுப்பு ஜொய்ஸ்டிக் பார்க்கத்தான் அழகு, அமுக்கினால் பொம்மை அரை நொடி பிந்தித்தான் குதிக்கும். விருந்தாளி வந்தால் கொடுக்கிறது. நீள்சதுரமான சாம்பல் நிறம்தான் திலக்ஷனுடையது. மூலைகள் உள்ளங்கையைக் குத்தும், ஆனால் சிலுவைப் பட்டன் சொன்ன பேச்சுக் கேட்கும், இடது பக்கம் அமுக்கினால் இடது பக்கம்தான் போகும். இருபது வருசத் தேய்ச்சலில் அந்தப் பட்டன் வெளுத்துப் போயிருந்தது. மூன்றாவது, சிறகு மாதிரி இரு பக்கமும் வளைந்த சின்ன ஜொய்ஸ்டிக். உள் ரப்பர் செத்துப்போனபோது, பழைய கல்குலேட்டரில் இருந்து ரப்பரை வெட்டி மாட்டி உயிர் கொடுத்தது மதுரன். அடையாளத்துக்குப் பின்னால் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தான்.

"இது என்னோடது. இதை வச்சுக்கிட்டா என்னைய யாரும் அடிக்க முடியாது," என்று சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது.

சூடாக இருந்தது அதுதான்.

தனுஜாவின் ஆறு வயது மகள் நிலக்ஷி சுவரோரம் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். தலை தூக்காமலே, அதில் இப்போது தான்தான் விளையாடுவதாகச் சொன்னாள். பனி இறங்கினால் அப்பா வந்து பாயில் உட்காருவாராம். அதை எடுத்து அவளிடம் நீட்டுவாராம். அவளுக்குச் சரியாகக் குதிக்கத் தெரியவில்லை என்று அப்பாவுக்குக் கோபமாம், விடமாட்டேன் என்கிறாராம்.

பிள்ளை ஏங்கிப்போய் எதையோ சொல்கிறது என்றுதான் மதுரன் நினைத்தான். அவள் பென்சில் பிடித்திருந்த கையைப் பார்க்கும்வரை. இரண்டு பெருவிரலிலும் தோல் கொப்பளித்து உரிந்து, உள்ளே சிவந்திருந்தது. தனுஜா சட்டென்று ஸ்வெட்டர் கையை இழுத்து அதை மூடினாள்.

பிள்ளையின் கையை விடாமலே கேட்டாள்.

"அவரு யாரோட வெளையாடுனா சந்தோசமா இருப்பாரு, அண்ணே?"

"என்னோடதான். வேற யாரு இருக்கா?"

பெருமையாகத்தான் சொன்னான். அவள் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது தன்னுடையதை எடுத்துப் போகக் கேட்டான். வெள்ளிக்கிழமை முடியட்டும், கையோடு தந்துவிடுகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பனி லயத்துக்குள் புகுந்துவிட்டது. தேயிலைச் சரிவு, தண்ணிப் பீலி, கோயில் கூரை எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் வாசலில் நின்ற சனத்தின் முகங்கள் மட்டும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மிதந்தன. திலக்ஷனின் தாய்மாமன் சிவசாமி சாமான்களை வாங்கி வாங்கி உள்ளே கொடுத்தார். டீவிக்கு மேலே திலக்ஷனின் படம், அதற்குக் கீழே தரையில் விளக்கும் இலையும், இலைக்கு முன்னால் அந்தப் பாய். சூடம் காட்டியானதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. பிறகு மூன்று தட்டுத் தட்டித்தான் கதவைத் திறப்பார்கள்.

இதில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத ஒரு கட்டுப்பாடும் உண்டு. இலையில் செத்தவரின் பொருள் மட்டும்தான் இருக்கலாம். உயிரோடு இருக்கிறவரின் பொருள் ஒன்று அதில் விழுந்தால், அவரையும் சேர்த்துக் கூட்டிப்போகச் சொன்னதாக அர்த்தம். பிள்ளைகளின் ரப்பர் வளையல் இலையோரம் உருண்டாலும் ஓடிப்போய் எடுப்பார்கள்.

எல்லாரும் வெளியே வந்த பிறகு, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துத் தனுஜா மதுரனின் கையைப் பிடித்தாள்.

"அவரு வர்ற நேரம் கேம் ஓடிக்கிட்டு இருக்கணும் அண்ணே. எனக்குப் போடத் தெரியாது. போட்டுட்டு வந்துருங்க, நாங்க நிக்கிறோம்."

ஒரு நிமிச வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். சூடப்புகை கண்ணைக் கரித்தது. அதற்குள் கோழிக்கறி வாசமும், திறந்து வைத்த சாராயத்தின் நெடியும், நனைந்த பாயின் பூஞ்சண வாடையும் ஒன்றாகக் கலந்து, மூடிவைத்த பெட்டியைத் திறந்த மாதிரி அடித்தது. டீவிக்குப் பின்னால் குனிந்து, கையால் தடவி கேம் பெட்டியையும் டீவியையும் போட்டான். டீவி கிர்ரென்று இழுத்து, வெளிச்சம் மெல்லப் பரவி, அந்த நீலம் இலையின்மேல் விழுந்தது.

இலையில் சாம்பல் ஜொய்ஸ்டிக் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று குப்புறக் கிடந்தது.

சிவப்புப் பொட்டு.

மாறி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். பாவம், பதற்றத்தில் வைத்திருப்பாள். அதைச் சொல்லத் திரும்பினான். கதவு மூடியிருந்தது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"தனுஜா, நான் இன்னும் வரல்ல," என்றான்.

எல்லாரும் வெளியே வந்தாயிற்றா என்று வெளியே சிவசாமி கேட்டார்.

"வந்தாச்சு மாமா. உள்ள யாரும் இல்ல."

அது அவள் குரல்தான். ஒரு தடுமாற்றம்கூட இல்லை. மதுரன் இரண்டு கையாலும் கதவை அடித்தான், பேர் சொல்லிக் கத்தினான். அந்தப் பக்கம் இருபது பேர் நிற்கிறார்கள். யாரோ இருமுவது கேட்டது, யாரோ குழந்தையைத் தோளில் மாற்றிப் போடுவது கேட்டது. இத்தனையும் அவனுக்குக் கேட்கும்போது, அவன் அடிப்பது அவர்களுக்குக் கேட்காதா? கேட்கும். ஒவ்வொருத்தருக்கும் கேட்கும். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. போன் உடைந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பாதி ராத்திரியில் வண்டி வேண்டுமென்றாலும் அவனைத்தானே கூப்பிட்டார்கள். அவன் எடுத்துச் சுமந்த வீடு இது. அவன் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாளே என்று நெஞ்சு வெந்தது.

கதவிடுக்கில் அவள் மூச்சுப் பட்டது.

"அண்ணே, பிள்ளைக்கு ஆறு வயசுதான்," என்றாள்.

ஜொய்ஸ்டிக்கை எடுத்துவிட்டால் போதும். இலையில் இருந்து எடுத்து, உடைத்து, அடுப்பில் போட்டுவிட்டால் போதும். திரும்பினான்.

சாராயக் கிளாஸ் பாதியாகக் குறைந்திருந்தது.

கோழிக்கறி மேல் படர்ந்த எண்ணெயில் இரண்டு விரல் தடம். பாயில், டீவிக்கு நேர் முன்னால், ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் இருந்து மழைத்தண்ணி கசிந்து சிமெந்துத் தரையில் ஓடியது. சேற்று வாசம். பெற்றோல் வாசம்.

"திலக்ஷா," என்றான். "நான்டா."

மதுரன்தான் என்று திலக்ஷனுக்குத் தெரியும். அவன் வேண்டுமென்றுதான். சின்ன வயதில் இருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன், பிள்ளையின் விரலைத் தேய்த்துத் தேய்த்து, பெற்றவளைப் பயமுறுத்தி, கேட்டு வாங்கியிருக்கிறான்.

சாம்பல் ஜொய்ஸ்டிக் இலையில் இருந்து உயர்ந்தது.

திரையில் ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று கேட்கும் அம்புக்குறி கீழே இறங்கியது. இரண்டு. பொம்மை வீரர்கள் இருவரும் வந்து குதித்தார்கள். முதலாவது ஆள் ஓடினான். கொஞ்சத் தூரம் போய் நின்றான். திரும்பிப் பார்த்தான். அந்த விளையாட்டில் அப்படித் திரும்பிப் பார்க்க முடியாது.

மதுரன் கதவோடு ஒட்டி நின்றான். போகமாட்டேன். தொடமாட்டேன். கையை அக்குளுக்குள் சொருகினான். பெருவிரல் துடித்தது. இடது. இடது. வலது. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

இரண்டாவது ஆள் ஓட ஆரம்பித்தான்.

குதித்தான். சுட்டான். குனிந்தான். எல்லாம் மதுரனின் கை வேலை. அச்சொட்டாக.

ஒரு கட்டம் முடிந்து திரை கறுத்தது. ஒரு நொடி. அந்தக் கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. விளக்குச் சுடர். பாய். பாயில் இரண்டு பேர். ஒருத்தனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது. அவனோடு தோள் ஒட்ட உட்கார்ந்திருந்தவன், தலை குனிந்து, சிவப்புப் பொட்டு வைத்த ஜொய்ஸ்டிக்கை இறுகப் பிடித்திருந்தான். நீல ஸ்வெட்டர். மதுரன் காலையில் போட்டுக்கொண்டு வந்த ஸ்வெட்டர்.

கதவருகில் கண்ணாடி யாரையும் காட்டவில்லை.

வெளியே மூன்று தட்டு. தாழ்ப்பாள் விலகியது. கதவு அவனுக்குள்ளால் திறந்தது. சிவசாமி வந்தார், அவருக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள். யாரும் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். யாரும் அலறவில்லை. ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதுரன் தொண்டை கிழியக் கத்தினான்; திரையில் இரண்டாவது ஆள் குதித்தான்.

தனுஜா ஒரு புது வாழையிலையோடு வந்தாள். பழைய இலைக்குப் பக்கத்தில், நீல ஸ்வெட்டருக்கு முன்னால் அதை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சோறு வைத்தாள். பருப்பு வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி மாசிச் சம்பலை நீட்டியபோது கையால் தடுத்தாள்.

"வேணாம்," என்றாள் மெதுவாக. "அண்ணனுக்கு உறைப்பு ஆகாது."